சேமக்காலையில் நாடகம் போடுவதென்றால் முதலில் சாவியைத் தேடுங்கள்

திருகோணமலை எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையில் ஒரு பின்னேரம் நாங்கள் ஆறு பேர் வேடம் போட்டு, கல்லறைகளுக்குப் பக்கத்தில் நின்று, அங்கே கிடப்பவர்களின் கதையைச் சொன்னோம். பார்க்க வந்தவர்கள் இருபது இருபது பேராகப் பிரிந்து, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நடந்து நடந்து கேட்டார்கள். நாடகம் எழுபது நிமிடம். அதற்கு ஓடித் திரிந்தது ஐந்து மாதம். அந்த ஐந்தில் இரண்டு மாதம் சும்மா வீணாய்ப் போனது. வேலைகளைத் தலைகீழான ஒழுங்கில் செய்ததுதான் காரணம்: முதலில் உடுப்புத் தைத்தோம், பிறகு நாடகப் பிரதி எழுதினோம், கடைசியாக அனுமதி கேட்டோம். நீங்கள் அப்படிச் செய்யாதிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் சவக்காலை என்பீர்களோ, கல்லறைத் தோட்டம் என்பீர்களோ, வேலை ஒன்றுதான்.

1. சாவி யாரிடம் என்று கண்டுபிடியுங்கள்

கதவு பூட்டியிருந்தால் பூட்டுக்கு ஒரு சாவி இருக்கும், சாவிக்கு ஓர் ஆள் இருப்பார். அவரைத் தேடிப் போவதுதான் முதல் வேலை. அவர் அதிகாரி அல்ல, அனுமதி தரமாட்டார். ஆனால் அந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக யார் வந்து புல் வெட்டியது, எந்தக் குடும்பத்தார் இன்னமும் மெழுகுதிரி கொளுத்த வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் போனபோது சாவி வைத்திருந்த ஐயா கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி, செத்ததுகளையும் நிம்மதியா விடமாட்டியளோ?" பதில் சொல்ல எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிற்பாடு எத்தனையோ மேசைக்கு முன்னால் இருந்து அதே பதிலைத்தான் சொன்னோம். ஆகவே அவரிடம் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். தேவாலயத்துக்குரியது என்றால் பங்குக் குருவானவரிடம் போங்கள். பொது மயானம் என்றால் உள்ளூராட்சி சபை, நம் வாயில் இன்றும் நகரசபைதான். நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறை வேறு கதை. அதைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கிறது. அங்கே வேடம் போட்டு நடிக்கக் கேட்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் உலகப் போரில் செத்த பிள்ளைகள் அங்கே கிடக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் விமானமேறி வந்து அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியர் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட கதையை நீங்கள் சொல்லலாம். நகரத்துக்குள் வேறோர் இடத்தில் நின்று சொல்லுங்கள்.

2. கல்லை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காலை ஆறரைக்குப் போங்கள். வெயில் சரிந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும், அப்போது வாசிக்கலாம். நடுப்பகலில் அதே கல் வெறும் சாம்பல் பலகை. வெயில் கிடைக்காத மர நிழலென்றால் ஒருவர் கைத்தொலைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க, மற்றவர் படம் எடுக்கட்டும்.

எழுத்துத் தெரியவேண்டுமென்று வெண்கட்டி பூசாதீர்கள். மாவு தூவாதீர்கள். கம்பித் தூரிகை, வினாகிரி, தேசிக்காய், சலவைத்தூள் எதுவும் கல்லில் படக்கூடாது. சுண்ணக் கல்லென்றால் அமிலம் பட்ட இடம் கரைந்தே போகும். பாசி இருந்தால் தண்ணீரும் மெல்லிய தும்புத் தூரிகையும் போதும், அதுவும் பொறுப்பாளர் சம்மதித்த பிறகு. எங்களில் ஒருவர் ஆர்வத்தில் வெண்கட்டியுடன் குந்திவிட்டார். அதைக் கழுவ ஒரு காலை போனது.

இன்னொரு பொறி. ஓர் ஆள் இந்த ஊரில் இறந்தார் என்பது வேறு, இந்தச் சேமக்காலையில் கிடக்கிறார் என்பது வேறு. எங்கள் பட்டியலில் மேஜர் பேர்சி மோல்ஸ்வேர்த் முதல் ஆளாக இருந்தார். இராணுவப் பொறியியலாளர், திருகோணமலையில் இருந்து தொலைநோக்கியால் வியாழனை இரவிரவாகப் பார்த்து வரைந்தவர், 1908 இல் இங்கேதான் இறந்தார். செவ்வாயில் அவர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. கதை ஆளை மயக்கும். ஆனால் கல்லைக் கண்ணால் பார்த்துப் படம் எடுக்காதவரை எவரையும் ஒரு கல்லருகில் நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். ஆகவே அவர் கதையை வாசலில் வைத்தோம், எல்லாரும் கூடி நின்று மேலே வானத்தைப் பார்க்கும்படி. அது இன்னும் நன்றாக அமைந்தது.

கல் வாசகங்களைச் சரிபார்க்க, 1913 இல் பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கை முழுதும் இருந்த ஐரோப்பியர் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்ட பட்டியல் உதவும். இன்று உடைந்து போன கல்லின் வாசகமும் அதில் முழுதாய் இருக்கக்கூடும். அதற்குப் பிந்திய ஆட்களுக்குத் தேவாலயப் பதிவேடு. பதிவேட்டை வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள். அங்கேயே இருந்து, பென்சிலால் கொப்பியில் எழுதுங்கள்.

3. யாரைப் பேசவைப்பது என்று முடிவெடுங்கள்

ஆறு பேர் போதும். எட்டுக்கு மேலே போனால் பார்ப்பவருக்குக் கால் நோகும். ஒருவருக்கு ஆறு நிமிடம், அடுத்த இடத்துக்கு நடக்க இரண்டு மூன்று நிமிடம்.

எங்களுடைய மையம் சார்ள்ஸ் ஆஸ்டின். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி. 1852 ஒக்டோபர் 7 ஆம் திகதி பர்மாவில், ஐராவதி ஆற்றில், கப்பலில் வாந்திபேதியால் இறந்தார். வயது 73. புதைத்தது இங்கே. கதையைக் கேட்டவுடனே ஆட்கள் கேட்பது, "அப்ப ஜேன் ஆஸ்டினும் திருகோணமலைக்கு வந்தவவோ?" இல்லை. அவர் 1817 இலேயே இறந்துவிட்டார், இந்தப் பக்கம் வந்ததே இல்லை. சுவரொட்டியில் அக்காவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டால் கூட்டம் வரும், வந்து ஏமாந்து போகும். நாங்கள் தம்பியின் பெயரை மட்டும் போட்டோம்.

அவருக்கு என்ன பேச்சு எழுதுவது என்று இரண்டு வாரம் திணறினோம். கப்பல் பெயர், போர், பதவி என்று அடுக்கினால் அது பாடசாலைப் பரிசளிப்பு உரை. கடைசியில் கிடைத்தது ஒரு சிறு சங்கதி: 1801 இல், இருபத்தொரு வயதில், எதிரியிடமிருந்து கைப்பற்றிய கப்பலுக்காகத் தன் பங்குக்குக் கிடைத்த பணத்தில் அவர் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டோம். எங்கள் நடிகர் உள்ளங்கையை விரிப்பார். அதில் பஜாரில் வாங்கிய மஞ்சள் கண்ணாடி மணி ஒன்று, பின்னேர வெயிலில் மினுங்கும். "நான் இங்கே சாகவில்லை, என்னை இங்கே கொண்டுவந்தார்கள்" என்று தொடங்குவார். தன் உழைப்பில் அக்காவுக்கு நகை வாங்கிக் கொடுத்த தம்பியை நம் ஊரில் யாருக்குத்தான் விளங்காது? தளபதி என்பது அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இங்கே நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரருக்குக் கல் இருக்கிறது. அவர்களின் பெட்டியைச் சுமந்தவனுக்கு, குழி வெட்டியவனுக்கு, அவர்களின் பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயாவுக்குக் கல் இல்லை. கல் உள்ளவர்களை மட்டும் பேசவிட்டால் அது அவர்களின் ஊராகிவிடும். ஆகவே ஆறில் இருவரைக் கல் இல்லாதவர்களாக வைத்தோம்: ஒரு குழிவெட்டி, ஓர் ஆயா. அவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. இரண்டு கல்லறைக்கு நடுவே வெறும் மண்ணில் நின்றார்கள். வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிடுவார்: "இவருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. இவர் பேசுவது எங்கள் கற்பனை." எது பதிவில் உள்ளது, எது நாங்கள் கட்டியது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்வதால் நாடகம் கெடாது. ஆயாவின் முறை வந்தபோதுதான் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

குழந்தைகளின் கல்லறைகள் நிறைய இருக்கும். அவற்றை நடிக்காதீர்கள். போகும் வழியில் வழிகாட்டி நின்று வயதை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்தால் போதும். சந்ததியார் ஊரில் இருக்கும் கல்லறையென்றால் அவர்கள் வீட்டுக்குப் போய், பிரதியைக் காட்டி, கையெழுத்தோடு சம்மதம் வாங்குங்கள். வாய்ச் சம்மதம் பிற்பாடு மாறும்.

4. பிரதியை முடித்துப் பூட்டுங்கள்

பொதுமக்களை அழைத்துப் போடும் நாடகத்துக்குப் பிரதி அனுமதி வேண்டும். 1912 ஆம் ஆண்டின் பொது ஆற்றுகைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, பிரதியைப் பார்க்கும் சபை கொழும்பில். "இது நாடகமில்லை, வரலாற்றுச் சுற்றுலா என்று எழுதிக் கொடுங்கோ" என்று ஒருவர் எங்களுக்குப் புத்தி சொன்னார். கேட்காதது நல்லது. வேடம், வசனம், பார்வையாளர் மூன்றும் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது, கடைசி நேரத்தில் யாராவது முறைப்பாடு செய்தால் முழுதும் நின்றுவிடும்.

பிரதி அனுப்பியபின் வசனம் மாற்றக்கூடாது. கூத்துக்காரருக்கு இது கஷ்டம். களரியில் நின்றால் வாய் தானாகவே கூட்டிப் பாடும். எங்கள் குழிவெட்டி ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் ஒரு புது வசனம் விடுவார், எல்லாம் இன்றைய அரசியல். நன்றாகத்தான் இருந்தது. வெட்டினோம்.

பிரதியைத் தட்டச்சில், பக்க எண்ணோடு, ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு வைத்திருங்கள். நாலு கொப்பி போதும் என்று நினைத்தோம், ஒன்பது தேவைப்பட்டது.

5. கடிதங்களை இந்த ஒழுங்கில் கொடுங்கள்

இதில்தான் எங்கள் இரண்டு மாதம் போனது. நாங்கள் முதலில் பொலிஸுக்குப் போனோம். அவர்கள் "இடத்துக்காரரின் கடிதம் எங்கே?" என்றார்கள். இடத்துக்காரரிடம் போனால் "பிரதியைக் காட்டுங்கள்" என்றார்கள். பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனால் பொறுப்பாளர் மாறியிருந்தார், புதியவருக்கு முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. இன்னோர் அலுவலகத்தில் எங்கள் கடிதத்தையே காணவில்லை. கொடுத்ததற்கு எங்களிடம் அத்தாட்சி இல்லை. ஐந்து வாரம் காத்திருந்துவிட்டு மறுபடியும் புதுக் கடிதம்.

சரியான வரிசை இது. முதலில் இடத்துக்காரரின் எழுத்துமூலச் சம்மதம், அவருடைய கடிதத் தலைப்பில், திகதியும் முத்திரையும் வைத்து. இரண்டாவது பிரதி அனுமதி. மூன்றாவது உள்ளூராட்சி சபை. நாலாவது பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்தல். கடைசியாகத்தான் பொலிஸ், அதுவும் மற்ற எல்லாக் கடிதங்களின் போட்டோக்கொப்பியோடு. பொலிஸ் நிலையத்துக்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் போங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் போகாதீர்கள். பொறுப்பதிகாரி இடமாற்றமாகிப் போனால் உங்கள் கடிதமும் கோப்போடு உறங்கிவிடும்.

தொல்பொருள் திணைக்களத்தை மறக்காதீர்கள். 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கல்லென்றால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அதற்குப் பிந்தியதும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். சேமக்காலையில் எது எந்த வகை என்று இடத்துக்காரரைக் கேட்டு, சந்தேகமிருந்தால் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். "ஆணி அடிக்கமாட்டோம், கல்லில் ஏறமாட்டோம், எதையும் கட்டித் தொங்கவிடமாட்டோம், மண் தோண்டமாட்டோம்" என்ற நாலு வரி அதில் இருக்கட்டும். தோண்டமாட்டோம் என்ற வரி மிக முக்கியம். நம் பக்கத்தில் பழைய இடமொன்றில் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றாலே புதையல் கதை கிளம்பிவிடும். எங்கள் குழிவெட்டிக்குக் கொடுத்த மண்வெட்டி மரத்தால் செய்து கறுப்புப் பூசியது.

கையில் எப்போதும் ஒரு கோப்பு வைத்திருங்கள். அதில் இருக்கவேண்டியவை: கோரிக்கைக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும், பிரதி, எல்லாருடைய அடையாள அட்டைக் கொப்பியும் ஒரு பெயர்ப் பட்டியலும், சேமக்காலையின் கைவரைபடம், யார் எங்கே நிற்பார்கள், ஆட்கள் எந்தப் பாதையால் நடப்பார்கள் என்று குறித்தது, சேதம் வந்தால் நாங்கள் பொறுப்பு என்ற பொறுப்பேற்புக் கடிதம், கல்லறைகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று காட்டும் திகதியிட்ட படங்கள். அந்தப் படங்கள் எங்களை ஒருமுறை காப்பாற்றின. நாடகம் முடிந்து ஒரு வாரத்தில் "சிலுவையை உடைத்துவிட்டீர்கள்" என்று ஒரு கதை வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னரே உடைந்திருந்த படத்தைக் காட்டினோம்.

சிங்கள மொழிபெயர்ப்பைத் தெரிந்த பையன் ஒருவனிடம் கேட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் முதல் மொழிபெயர்ப்பில் "கல்லறையில் ஆற்றுகை" என்பது ஏதோ கிரியை செய்யப் போகிறோம் என்று விளங்கும்படி வந்திருந்தது. வாசித்த அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்த்தார். காசு கொடுத்துத் தகுந்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள்.

ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு கொப்பி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று திகதி முத்திரை வாங்குங்கள். வெட்கப்படவேண்டாம், கேளுங்கள். முத்திரை தர மறுத்தால் வெளியே வந்து பதிவுத் தபாலில் போடுங்கள்.

காசு வாங்கி ஆட்களை விடுவதென்றால் களியாட்ட வரி வரும், நுழைவுச் சீட்டுகளைச் சபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்தவேண்டிவரும். நாங்கள் இலவசமாக விட்டோம். வாசலில் ஓர் உண்டியல் வைத்தோம், அதையும் முன்னரே கடிதத்தில் எழுதிக் கேட்டுக்கொண்டோம்.

6. உடுப்பு

ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் கோட்டு கம்பளியில் இருக்கும். திருகோணமலையில் கம்பளியைப் போட்டால் உங்கள் தளபதி இரண்டாம் தடவை செத்துப்போவார். நீலப் பருத்தித் துணியில் தையுங்கள். தோளில் தொங்கும் பொன் குஞ்சத்துக்குக் கர்ட்டின் குஞ்சம், ஓரத்துக்குப் பழைய சேலைச் சரிகை, தொப்பிக்கு ரெஜிபோமை வெட்டிக் கறுப்புத் துணி ஒட்டினால் சரி. பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு அது போதும். குழிவெட்டிக்கும் ஆயாவுக்கும் வீட்டில் இருந்த பழைய சாரமும் வெள்ளைச் சேலையும். தேயிலைச் சாயத்தில் ஓர் இரவு ஊறப்போட்டோம்.

தாடி ஒரு பொறி. ஆங்கிலேயக் கடற்படையில் 1869 வரை தாடி வைக்க அனுமதியில்லை. எங்கள் ஆஸ்டினாக நடிக்கவிருந்த அண்ணை கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்த்தி வைத்துத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். "முருகனுக்கு வைச்சதை வெள்ளைக்காரனுக்காக வழிக்க ஏலாது" என்றார். நியாயம். அவரைக் குழிவெட்டியாக்கினோம், குழிவெட்டியாய் இருந்த தம்பி தளபதியானார். தைத்த கோட்டு அவருக்குத் தோளில் தொளதொளத்தது. உடுப்புக்கு அளவெடுக்கும் முன் வேடம் முடிவாகட்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

அதைவிடப் பெரிய பொறி, இது கடற்படைத் தளம் உள்ள ஊர். பொன் குஞ்சம் தொங்க, நீலக் கோட்டுடன் எங்கள் தளபதி ஒத்திகைக்கு ஓட்டோவில் போனார். வழியில் மறித்தார்கள். பிழையாக ஒன்றும் நடக்கவில்லை, சிரித்துவிட்டுத்தான் விட்டார்கள், ஆனால் ஒரு மணி நேரம் போனது. உடுப்பைப் பையில் கொண்டுபோய், சேமக்காலைக்குள் மாற்றுங்கள். அனுமதிக் கடிதத்தின் கொப்பி ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். இன்றைய படையினரின் உடுப்பைப் போன்ற எதையும், உருமறைப்புத் துணியை, பொம்மைத் துவக்கைக் கிட்டவும் எடுக்கவேண்டாம். ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் "மேலேயிருந்து ஒரு ஷொட் எடுப்பம்" என்று வருவார். அவரை அன்புடன் வீட்டுக்கு அனுப்புங்கள்.

7. மாதம், மணி, காற்று

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, மறந்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் போடுவதே இந்த மாதிரி நாடகத்துக்கு அழகு. ஒலிபெருக்கி வைத்தால் தனி அனுமதியும் வேண்டும், இரவு பத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. ஆனால் கச்சானில் குரல் பறந்துபோகும். வழி ஒன்றுதான்: காற்று நடிகரின் முதுகில் படும்படி நிறுத்துங்கள், குரல் ஆட்கள் பக்கம் போகும். வரைபடம் போடும்போதே காற்றின் திசையைக் குறியுங்கள். எங்களுக்கு நல்லதாய் அமைந்தது மார்ச்.

நாலே முக்காலுக்கு முதல் குழு உள்ளே போகவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு குழு, மொத்தம் மூன்று. கடைசிக் குழு வெளியே வரும்போது ஆறரை தாண்டியிருக்கும், இருட்டிக்கொண்டு வரும். அதற்குமேல் இழுக்காதீர்கள். தீப்பந்தம் அழகாய்த்தான் இருக்கும். காய்ந்த புல், பழைய மரம், கல்லில் சொட்டும் மெழுகு மூன்றையும் நினைத்துவிட்டு மின்கல விளக்கை வாங்குங்கள்.

நாலு நாளைக்கு முன் புல் வெட்டவேண்டும். முந்திய நாள் வெட்டினால் வெட்டிய புல் குவியலில் பாம்பு ஒதுங்கும். கண்ணாடி விரியன் காய்ந்த இலையில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலில் நிற்கும் வேடமென்றால் நிற்கும் இடத்தைத் தடியால் தட்டிப் பார்த்த பிறகே நடிகர் காலை வைக்கவேண்டும்.

8. வீட்டுக்காரரையும் அயலாரையும் மறக்காதீர்கள்

எந்த அலுவலகமும் தராத தடையை எங்கள் ஆயாவாக நடித்த தங்கச்சியின் அம்மா தந்தார். "பொழுதுபட்ட நேரத்தில குமர்ப்பிள்ளை சவக்காலையில நிக்கிறதோ?" நாங்கள் வாதாடவில்லை. அவரையே ஒத்திகைக்குக் கூட்டிவந்தோம். நிழலில் கதிரை போட்டு இருத்தினோம். மூன்றாம் நாள் அவர் மகளின் தாலாட்டைத் திருத்திக் கொடுத்தார், அது பிரதியில் இருந்ததைவிட நல்ல தாலாட்டு. பிரதி அதற்குள் கொழும்புக்குப் போயிருந்தது. ஒரு பக்கத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினோம், அதற்குப் பன்னிரண்டு நாள் போனது, போகட்டும்.

சுவரொட்டியில் "ஆவி", "பேய்" என்ற சொற்கள் வேண்டாம். பையன்கள் கூட்டமாய்க் கூச்சலிட வருவார்கள், பெரியவர்கள் வரமாட்டார்கள். அயல் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். கோயில் திருவிழா, தேவாலய ஆராதனை, பெருநாள், போயா எல்லாவற்றையும் நாட்காட்டியில் பார்த்துவிட்டுத் திகதி போடுங்கள். அன்றைக்கு அந்தச் சேமக்காலையில் ஓர் அடக்கம் வந்துவிட்டால் நாடகத்தைத் தள்ளிவைக்கவேண்டும். இதை இடத்துக்காரரிடம் முதல் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு மிகப் பெரிய மரியாதையை வாங்கித் தந்த வரி அதுதான்.

9. செலவு

எங்கள் கணக்குக் கொப்பியில் இருப்பது: உடுப்பு 24,000 ரூபாய். புல் வெட்ட இருவருக்கு இரண்டு நாள் கூலி 14,000. தேநீர், வடை, தண்ணீர் 9,000. விளக்கும் மின்கலமும் 7,200. மொழிபெயர்ப்பு, அச்சு, போட்டோக்கொப்பி, தபால் 6,500. ஓட்டோ 4,300. ஆக 65,000. நடிகருக்குச் சம்பளம் இல்லை, அடுத்த முறை கொடுக்கவேண்டும் என்று பேசியிருக்கிறோம். உண்டியலில் வந்தது 21,350. மிச்சம் எங்கள் பைகளிலிருந்து. ஒழுங்காய்த் தொடங்கியிருந்தால் உடுப்பில் ஐயாயிரமும் அச்சில் இரண்டாயிரமும் மிஞ்சியிருக்கும்.

உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து திறந்து, எண்ணி, கையெழுத்து வையுங்கள்.

10. அன்றும் மறுநாளும்

குழுவுக்கு ஒரு வழிகாட்டி, ஒரு வால். வால் என்பவர் கடைசியில் நடந்து, கல்லில் ஏறி இருப்பவரை, படம் எடுக்கக் கல்லறை மேல் கால் வைப்பவரை மெதுவாய் இறக்கிவிடுபவர். கோபக்காரரை வாலாகப் போடாதீர்கள். முதலுதவிப் பெட்டி, ஒரு வாகனம், தண்ணீர் வாசலில் இருக்கட்டும்.

மான்களைக் கணக்கில் எடுங்கள். இந்த ஊரில் அவை எங்கும் நுழையும். ஆஸ்டின் கல்லுக்கு வைக்கவென்று வாங்கிய பூ வளையத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு மான் செவ்வந்தியை மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. கம்பி வளையம் மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை எல்லாருமாய்ப் போய்க் குனிந்து பொறுக்குங்கள்: ஊசி, நூல், வடைக் கடுதாசி, மின்கலம். அதே கல்லறைகளை அதே கோணத்தில் மறுபடியும் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். நன்றிக் கடிதம் அந்தக் கிழமைக்குள் எல்லா அலுவலகங்களுக்கும் போகட்டும், அடுத்த வருடம் அதே மேசைக்குத்தான் திரும்பப் போகிறீர்கள். சாவியை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய் ஐயாவின் கையில் கொடுங்கள். எட்டு மணிக்கு முன் போனால் வீட்டில் இருப்பார்.